நாலரை மரை

டயலில் ஒன்று வந்து கோட்டைத் தொட்டதும் தவசிமுத்து லேத்தின் லீவரை அழுத்தினார். கடக்கென்று பிடித்துக்கொண்டு டூலைத் தாங்குகிற வண்டி நகர்ந்தது. டூல் போன தடவை போன தடத்திலேயே இறங்கி, எவர்சில்வர் தண்டிலிருந்து மயிரிழை போல ஒரு சுருளை உரித்துக்கொண்டு இடப்பக்கம் போயிற்று. திருகு மரை முடிகிற பள்ளத்துக்கு வந்ததும் ஒரு கை டூலை வெளியே இழுத்தது, மறு கை லீவரைத் தூக்கியது, இரண்டும் ஒரே மூச்சில். முப்பத்தாறு வருஷமாக அந்தக் கைகள் இரண்டும் அவரைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்ததில்லை. வண்டியை வலப்பக்கம் உருட்டிக் கொண்டுவந்தார். பதினாறு. பதினாறுதானே, இல்லை பதினேழா. பதினாறுதான், பதினைந்தாவது சீவலில்தான் மெற்றில்டா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், அதற்கப்புறம் இது ஒன்று. சீவல் எண்ணிக்கை தப்பினால் குடி ஒன்றும் முழுகிவிடாது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கைப்பிடியில் போட்டிருக்கிற அளவே சொல்லிவிடும். தப்பக் கூடாதது டயல் ஒன்றுதான். லேத்தின் வயிற்றில் நீளவாக்கில் ஓடுகிற பெரிய திருகுக் கம்பியில் பல்லைக் கொடுத்துக்கொண்டு, சின்ன அதிரசம் அளவுக்கு ஒரு வட்டம். முகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வண்டி நிற்கும்போதெல்லாம் அது மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு முழுச் சுற்றுக்கு அரை நிமிஷம். வேண்டிய எண் கோட்டுக்கு நேராக வரும்போது லீவரைப் போட்டால் டூல் பழைய தடத்தில் இறங்கும். இஞ்ச்சுக்கு ஆறு, எட்டு என்று இரட்டைப்படையில் மரை வந்தால் எந்தக் கோட்டிலும் போடலாம். ஏழு, பதினொன்று என்றால் எண் உள்ள கோட்டில் போட வேண்டும். இது நாலரை. அரை என்று ஒரு கணக்கு உள்ளே நுழைந்துவிட்டால் ஒன்றில் ஆரம்பித்தது ஒன்றிலேயே போக வேண்டும். எதிரே இருக்கிற மூன்றும் பொருந்தும் என்பார்கள், தவசிமுத்து அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டதில்லை. பக்கத்து எண்ணில் போட்டால் டூல் பள்ளத்தில் இறங்காமல் முகட்டில் ஏறி அதை இரண்டாகப் பிளந்துவிடும். பிளந்தால் போயிற்று. கூட வெட்டியதைத் திருப்பி ஒட்டுகிற வித்தை எந்தப் பட்டறையிலும் கிடையாது.

வேஸ்ட் பஞ்சால் டயலின் முகத்தைத் துடைத்தார். துடைக்கிற சாக்கில் ஒரு தடவை பக்கவாட்டில் பார்த்தார். மாகாளி இன்னும் அங்கேயேதான் நின்றான். மூன்றடி தள்ளி, மேஜை ஓரத்து வைஸில் சக்கரம் தண்டில் வழுக்காமல் பிடிக்கிற சாவிக்கட்டை ஒன்றைப் பிடித்து அரம் போட்டுக்கொண்டிருந்தான். அந்தத் துண்டை ராவ இவ்வளவு நேரமா. உச்சிமாகாளி ஒன்பது வருஷமாக இந்தப் பட்டறையில் இரண்டாவது லேத்தில் நிற்கிறவன், முப்பத்தெட்டு வயசு, கால் மணி நேரத்தில் நாலு சாவிக்கட்டை ராவி எறிகிற கை. இப்போது அரம் இரண்டு தரம் போகிறது, நிற்கிறது, அப்புறம் இரண்டு தரம். அரம் நிற்கிறபோது கண் எங்கே போகிறது. டயலுக்குத்தான் போகிறது, அதில் சந்தேகமே இல்லை, தவசிமுத்து தலையைத் தூக்கும்போது மட்டும் அது சாவிக்கட்டைக்குத் திரும்பிவிடுகிறது. வேறு ஒருவன் என்றால் இங்கே என்னல பார்வை என்று கேட்டிருப்பார். இவனிடம் கேட்க முடியாது. கேட்டால் ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பும், கிளம்பி எங்கே போய் நிற்கும் என்று தெரியாது, அதுவும் மெற்றில்டாவை வைத்துக்கொண்டு. ஒன்று வந்தது. லீவர். சுருள். வெளியே இழு, தூக்கு. பதினேழு.

மெற்றில்டா வாசலை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் போனபின் ஆறு வருஷமாக விசைப்படகைத் தானே நடத்துகிறவள், ஐஸிலிருந்து டீசல் வரைக்கும் தானே நின்று பார்த்து ஏற்றுகிறவள். விசிறியைச் சுழற்றுகிற தண்டின் நுனியில், விசிறியைக் கழன்றுவிடாமல் பிடித்துவைக்கிற நட்டுக்குத்தான் இந்த மரை. தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து எல்லாப் படகும் ஒரே கூட்டமாகக் கிளம்பும்போது அவளுடைய படகு மட்டும் விசிறி இல்லாமல் கட்டிக் கிடக்கக் கூடாது. முதல் தண்டு போன மாதம் இதே லேத்தில் பாழாயிற்று. அதனால்தான் காலையிலிருந்து இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொண்டாலும், அவள் ஏன் தண்டைப் பார்க்காமல் இவர் கையைப் பார்க்கிறாள். காலையில் வந்து இறங்கும்போது கேட்டருகே மாகாளியிடம் என்னமோ கேட்டாள். மூன்று வார்த்தை இருக்கும். மாகாளி தலையை ஆட்டினான். ஆமாம் என்று ஆட்டினானா, இல்லை என்று ஆட்டினானா. அவன் கை வைக்கக் கூடாது என்றுதான் அவளிடம் அன்றைக்கே சொல்லியாயிற்றே, அப்புறம் அவனிடம் என்ன பேச்சு. ஒருவேளை அவன்தான் அவளை வரச்சொல்லி உட்காரவைத்திருக்கிறானோ. இன்றைக்கும் ஏதாவது நடந்தால் கண்ணால் பார்த்த சாட்சி ஒன்று வேண்டும் அல்லவா. அப்படியானால் நடக்கப்போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும். நடத்தப்போகிறவனுக்குத்தான் தெரியும். பதினெட்டு. எண்ணெயைத் தொட்டு வைத்தார், புகை மூக்கில் ஏறியது.

போன மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் இதே நேரம், தகரக் கூரை இப்படித்தான் வெந்துகொண்டிருந்தது. பாதி மரை வெட்டியாகிவிட்ட நிலையில் போன் வந்தது, அண்ணன் மகள் ஜெசி, சித்தப்பா அப்பாவைக் காணோம், செருப்புகூடப் போடாம போயிருக்காவ. மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே போய் ஐந்து நிமிஷம் பேசினார், பத்து என்றே வைத்துக்கொள்வோம். திரும்பி வரும்போது மாகாளி இவருடைய லேத்துக்குப் பக்கத்தில் நின்றான், கையில் எண்ணெய்க் குவளை. என்ன என்று கேட்டதற்கு என் குவளை காலி அண்ணாச்சி என்றான். மோட்டாரைப் போட்டு, டயல் வர லீவரை அழுத்தினார். அழுத்தின அந்த நொடியிலேயே காது சொல்லிவிட்டது. மரைக்குள் இறங்குகிற டூல் அமைதியாக இறங்கும், இது கறுக்கென்று ஏறியது. பின்னால் இழுப்பதற்குள் ஒரு சுற்று வந்துவிட்டது. முகடு முழுக்க ஒரு புதுத் தடம், பளபளவென்று. அதை ஒரே ஒரு தரம் பார்த்தார். அப்புறம் தண்டைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினார். டயல் ஒரே ஒரு திருகாணியில்தான் நிற்கிறது. அதைத் தளர்த்தி வட்டத்தைக் கம்பியிலிருந்து விலக்கி, இரண்டு பல் தள்ளி மறுபடி சேர்த்துவிட்டால், ஒன்று என்று தெரிகிற இடம் ஒன்றாக இருக்காது. அதற்கு ஐந்து நிமிஷம்கூட வேண்டாம். மெற்றில்டா வந்து என்ன அண்ணாச்சி இது என்று கேட்டபோது வாயில் வந்தது அதுதான், பையன் டயலத் திருப்பி வச்சிட்டான்மா, அவனுக்குத் தனியா பட்டறை போடணும்னு ஒரு நெனப்பு. தனிப் பட்டறை என்பது எங்கிருந்து வந்தது. யாரோ சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்பதுதான் ஞாபகம் வரவில்லை, ஆனால் யாரோ சொன்னார்கள், நெருப்பு இல்லாமல் எப்படிப் புகையும்.

பத்தொன்பது. இருபது. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது, முழங்கையால் துடைத்தார். அவன் அன்றைக்கு மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மெற்றில்டா போனபின் இவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான், கொஞ்ச நேரம், அப்புறம் தன் லேத்துக்குப் போய்விட்டான். செய்யாதவன் என்றால் குதித்திருக்க மாட்டானா. செய்யாதவன் சட்டையைப் பிடித்திருப்பான், குறைந்தபட்சம் சோற்றுப்பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியேறியிருப்பான். இவன் மறுநாள் எட்டரைக்கு வந்து விளக்கைப் போட்டான். இந்தத் திங்கட்கிழமைதான் சொன்னான், மாசக் கடைசியோட நின்னுக்கிடுதேன் அண்ணாச்சி என்று, கண்ணைப் பார்த்துச் சொன்னான். ஏன் என்று இவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போகிறவன் போகிற போக்கில் எதையாவது செய்துவிட்டுப் போவானா. போவான். போகிறவனுக்கு என்ன பயம். அதனால்தான் இன்றைக்குச் சாப்பாட்டுக்குக்கூட நகராமல், லேத் ஓரத்திலேயே நின்று இரண்டு வாழைப்பழத்தை உரித்துத் தின்றார். காலையில் வந்ததும் முதல் வேலையாக டயலின் திருகாணியை நன்றாக இறுக்கினார். எந்த எண்ணில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்தார், போன தடவை ஒன்றில் ஆரம்பித்துத்தான் அப்படியாயிற்று, ஒன்று ராசியில்லை, இரண்டில் ஆரம்பித்தால் என்ன என்று தோன்றியது, அப்புறம் ராசி கீசி எல்லாம் சபை ஊழியக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு என்று சிரித்துக்கொண்டார். சிரித்தது நன்றாக ஞாபகமிருக்கிறது. இருபத்தொன்று.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று காலையிலேயே முடிவு செய்தது. நெஞ்சில் வண்டு ஒன்று சிக்கிக்கொண்டதுபோல அது அதிர்ந்துகொண்டே இருந்தது, நின்றது, திரும்ப ஆரம்பித்தது. ஜெசியாகத்தான் இருக்கும். அண்ணன் மறுபடியும் எங்கேயாவது நடந்து போயிருப்பார். போன மாதம் கடைசியில் கோயிலில்தான் கண்டுபிடித்தார்கள், பூட்டிக் கிடந்த ஆர்கன் பெட்டியின் முன்னால், வெறும் மரமூடியின் மேல் விரல்களை ஓட்டிக்கொண்டு. நாற்பது வருஷம் வாசித்த பெட்டி. அது ஆரம்பித்ததும் அங்கேதான். நான்கு வருஷம் முந்தி ஒரு ஞாயிறு ஆராதனையில் பாட்டு நான்காவது சரணத்தோடு முடிந்தது, அண்ணன் முடிக்கவில்லை, திரும்ப இரண்டாவதற்குப் போனார், சபையும் சரி பாதிரி ஐயர் சொல்லியிருப்பார் போல என்று கூடவே போயிற்று. அது முடிந்ததும் மறுபடி இரண்டாவது. பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள், பாதிப்பேர் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐயர் இறங்கிப் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் கை நின்றது. அப்போது அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு. என்னத்துக்கு எல்லாரும் உக்காந்திட்டிய என்று கேட்டார். யாரோ பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று அன்று சாயங்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், பாடகர் குழுவில் ஒரு பையனின் பேரைக்கூடச் சொன்னார். தவசிமுத்துவுக்கு வருகிற ஆவணியில் ஐம்பத்தெட்டு. ஆனால் அது வேறு, இது வேறு. அங்கே பக்கத்தை யாரும் திருப்பவில்லை. இங்கே டயலைத் திருப்பினார்கள். போன் நின்றது. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டி ஆரம்ப இடத்தில் நின்றது, டூல் உள்ளே வைத்தாயிற்று, கை லீவரின் மேல். நான்கு போயிற்று. ஒன்று வந்தது, போகட்டும். இரண்டு வரட்டும். இரண்டு வந்து

"அண்ணாச்சி, இப்ப வாரது ரெண்டு."

சத்தமாகச் சொல்லவில்லை, அரத்தை வைஸின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் மணி சொல்வதுபோலச் சொன்னான். கை நின்றுவிட்டது. இரண்டு கோட்டைத் தாண்டிப் போயிற்று. தவசிமுத்து திரும்பிப் பார்த்தார், மாகாளி டயலைப் பார்த்துக்கொண்டிருந்தான், இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டுன்னு தெரியுது. ரெண்டுலதான போட்டுட்டு வாரேன்" என்றார்.

"ஒண்ணுல போட்டுட்டு வாரிய."

இதுதான். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் அங்கே நின்றிருக்கிறான். கையால் திருப்பினால் பிடிபட்டுவிடும் என்று இந்தத் தடவை வாயால் திருப்புகிறான். பக்கத்து எண்ணைச் சொல்லி ஏமாற்றி, இவர் கையாலேயே இவர் வேலையைப் பிளக்கவைத்து, மெற்றில்டா பார்க்கப் பார்க்க. மூன்று போயிற்று, நான்கு போயிற்று. இரண்டில்தான் ஆரம்பித்தேன், ஒன்று ராசியில்லை என்று நினைத்து இரண்டில் ஆரம்பித்தேன், சிரித்தேன். சிரித்தது எதற்கு. ராசி பார்க்கிறோமே என்று சிரித்தேன். சிரித்துவிட்டு இரண்டில் போட்டேனா, சிரித்துவிட்டு ஒன்றிலேயே போட்டேனா. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்த பலகைபோல இருந்தது. சிரிப்பு இருந்தது, அதற்குப் பிறகு சுருள் இருந்தது, நடுவில் கை லீவரை அழுத்தின இடத்தை மட்டும் யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இருபத்தொரு தடவை அழுத்தியிருக்கிறார். ஒரு தடவைகூட ஞாபகத்தில் இல்லை. ஒன்று வந்தது, போயிற்று. இரண்டு வந்தது. அழுத்தலாம். அவன் சொல்லுக்குப் பயந்து அழுத்தாமல் விட்டால் அவன் ஜெயித்தான். அழுத்திவிட்டு அவன் சொன்னது சரியாக இருந்தால். இரண்டும் போயிற்று. லேத் சுற்றிக்கொண்டே இருந்தது, தண்டு பளபளவென்று ஓடியது. மெற்றில்டா நாற்காலியில் நிமிர்ந்தாள்.

சரி, இவனையும் நம்ப வேண்டாம், தன்னையும் நம்ப வேண்டாம். டூலை வெட்டாத அளவுக்கு வெளியே இழுத்துக்கொண்டார். இரண்டு வரும்வரை காத்திருந்து லீவரைப் போட்டார். டூல் எதையும் தொடாமல் மரையின் மேலே காற்றில் நகர்ந்தது. நாலு மரை தாண்டியதும் மோட்டாரை நிறுத்தினார். தண்டு மெல்ல வேகம் குறைந்து நின்றது. பட்டறைக்குள் ஒரே அமைதி, கூரையில் காக்கை நடக்கிற சத்தம் மட்டும். குனிந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி டூலை உள்ளே கொண்டுபோனார். பள்ளத்துக்கு நேராகப் போனால் முனை அப்படியே உள்ளே இறங்கி உட்கார வேண்டும். முனை போயிற்று, போயிற்று, முட்டி நின்றது. முகட்டின் மேல். அங்கே இங்கே அல்ல, முகட்டின் நட்டநடுவில், அளந்து வைத்ததுபோல.

அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தார், நிமிர்ந்தால் யாரையாவது பார்க்க வேண்டியிருக்கும். மாகாளி பக்கத்தில் வந்து குனிந்தான். அவனும் முனையைப் பார்த்தான்.

"போன மாசமும் இப்பிடித்தான் இருந்திச்சு" என்றான் தணிந்த குரலில். "அன்னைக்கு நீங்க போன பொறவு சாக்க எடுத்துப் பாத்தேன். நடு முகட்டுல வெட்டியிருந்திச்சு. டயல ஒரு பல்லு, ரெண்டு பல்லு தள்ளி மாட்டியிருந்தா நடுவுல வராது அண்ணாச்சி, ஓரத்துலதான் வரும். நடுவுல வரணும்னா பக்கத்து நம்பர்ல போட்டிருக்கணும்."

அது அவருக்கும் தெரியும். மரை வெட்டுகிற யாருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் ஒரு தரம் மட்டும் பார்த்துவிட்டுச் சாக்கைப் போட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல" என்றார்.

"சொன்னா நம்பியிருப்பியளா." பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இன்னைக்குச் சொல்லவேண்டாம்னுதான் இருந்தேன். இதுவும் போச்சின்னா இதுவும் எம் பேர்லதான வரும். அதான் காலையில இருந்து பாத்துக்கிட்டு நிக்கேன்."

மெற்றில்டா எழுந்து வந்திருந்தாள். "என்ன ஆச்சு, நிறுத்திட்டிய."

ஒண்ணுமில்லம்மா என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. லீவரைத் தூக்கினார், டூலை வெளியே எடுத்தார், வண்டியைப் பின்னுக்கு உருட்டினார். இன்னும் எட்டுப் பத்துச் சீவல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை அந்த வட்டம் சுற்றிவரும், ஒவ்வொரு தடவையும் அந்தத் துடைத்த பலகை. இப்போது ஒன்று என்று தெரியும், அடுத்த சீவலிலும் தெரியும், அதற்கடுத்ததில் போன் அதிர்ந்தால், கூரையில் காக்கை கத்தினால். டயலில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். புள்ளி வைத்ததை மறந்து துடைத்துவிட்டால்.

"மாகாளி, மீதிய நீ போடு" என்றார்.

மாகாளி நகரவில்லை. மெற்றில்டாதான் முன்னால் வந்தாள். "வேண்டாம் அண்ணாச்சி. அவன் கைய வைக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய. எதுவானாலும் நீங்களே போடுங்க. நேரமானாலும் சரி, நான் உக்காந்திருக்கேன்."

அவள் மாகாளியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதைச் சொல்லிக்கொடுத்தவர் தானே என்று தவசிமுத்துவுக்கு அப்போதுதான் ஒழுங்காக உறைத்தது, அவள் கண் அவனைத் தாண்டிப் போகிற விதம்கூட அவருடையதுதான். ஒரு பொய்யைச் சொல்லி இன்றைக்குத் தப்பிக்க வழியிருந்தது. கை வலிக்கிறது, மயக்கம் வருகிறது, வேறு பட்டறையிலிருந்து ஆள் கூப்பிடலாம். எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள். நம்புவாள் என்பதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

"மெற்றில்டாம்மா, போன மாசம் அவன் கெடுக்கல. நான்தான் நம்பர மாத்திப் போட்டுட்டேன்."

"டயலத் திருப்பிட்டான்னு சொன்னிய."

"சொன்னேன்."

"பாத்தியளா நீங்க?"

"பாக்கல."

அவள் சேலைத்தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குரல் ஏறவில்லை. "நான் சங்கத்துல சொன்னேன். எம் மருமவன்ட்ட சொன்னேன். இவன்ட்ட யாரும் வேலை குடுக்காதியன்னு நாலு போட்டுக்காரன்ட்ட சொன்னேன். என்னையும் பொய் சொல்ல வச்சிட்டிய அண்ணாச்சி." பிறகு மாகாளியின் பக்கம் திரும்பினாள், இந்த முறை அவன் முகத்தைப் பார்த்து, "நீயே போடுப்பா, எனக்கு ஞாயித்துக்கிழம போட்டு கடல்ல எறங்கணும்" என்றாள்.

மாகாளி பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு லேத்துக்கு முன்னால் வந்து நின்றான். மோட்டாரைப் போடவில்லை. "அண்ணாச்சி, நீங்க இங்கனயே நில்லுங்க. நீங்களும் வாங்கக்கா, இப்பிடி வாங்க. ஒவ்வொரு தடவையும் நம்பரச் சொல்லிட்டுத்தான் போடுவேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துச் சரின்னு சொல்லணும். பொறவு எந்தப் பேச்சும் வரக்கூடாது."

அவன் அதைப் பழிவாங்குகிற மாதிரிச் சொல்லவில்லை, அதனால் இன்னும் உறைத்தது. முதலில் மோட்டார் நின்றபடியே வண்டியைக் கையால் உருட்டி, ஒன்றில் லீவரைப் போட்டு, டூலை உள்ளே கொண்டுபோய் அது பள்ளத்தில் உட்காருவதைக் காட்டினான். மெற்றில்டாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, குனிந்து பார்த்துத் தலையசைத்தாள். பிறகு மூன்று பேரும் அந்தச் சின்ன வட்டத்தைச் சுற்றி நின்றார்கள். நான்கு போகும். ஒண்ணு, என்பான் மாகாளி. சரி, என்பாள் மெற்றில்டா. தவசிமுத்து ஒரு நொடி பிந்திச் சரி என்பார். லீவர் விழும், சுருள் எழும். ஒவ்வொரு தடவையும் அவர் தானாக ஒரு எண்ணை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார், அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால். ஐந்து தடவை பொருந்தியது. ஆறாவது தடவை அவர் மனசில் மூன்று என்று வந்தது, அவன் ஒண்ணு என்றான், அவர் அதைக் காட்டிக்கொள்ளாமல் சரி என்றார். ஒன்பதாவது சீவல் முடிந்ததும் மாகாளி மோட்டாரை நிறுத்திவிட்டு, தண்டைத் துடைத்து, பித்தளை நட்டை நுனியில் வைத்துத் திருப்பினான். இரண்டு சுற்றுப் போய்ப் பிடித்தது. கழற்றிவிட்டு இன்னொரு சீவல், தலைமயிர் அளவுக்கு. இந்த முறை நட்டு எண்ணெயில் நழுவுவதுபோல உள்ளே போயிற்று, கடைசி மரைவரை. அவன் நட்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான், ஆட்டமில்லை. நகர்ந்துகொண்டு தவசிமுத்துவையும் பார்க்கச் சொன்னான். அவர் பார்த்தார். நல்ல மரை. அவர் வெட்டின பாதிக்கும் அவன் வெட்டின பாதிக்கும் கோடு கிழித்துச் சொல்ல முடியாது.

ஐந்து மணிக்கு மெற்றில்டாவின் மருமகன் லோடு ஆட்டோவோடு வந்து தண்டை ஏற்றிக்கொண்டு போனான். ஏறும்போது மெற்றில்டா மாகாளியிடம் நாளைக்கு விசிறி மாட்ட நீ வாறியா என்று கேட்டாள். பாக்கேன்க்கா என்றான். அவ்வளவுதான். உள்ளே வந்து சோப்புத்தூளைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினான், முழங்கைவரை. தவசிமுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மெற்றில்டா உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. மாசக் கடைசியைப் பற்றிக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது. நின்றுவிடாதே என்று கேட்டால், தனக்கு ஒரு கண் வேண்டும் என்பதற்காகக் கேட்பதாக ஆகும். அது பொய்யும் இல்லை.

"எத்தன பேர்ட்ட சொன்னிய?" என்று கேட்டான் மாகாளி, கையைத் துடைத்துக்கொண்டே. "மெற்றில்டாக்காவ விடுங்க. வேற யார்ட்ட?"

அவர் விரலை மடக்கி ஒவ்வொரு பேராகச் சொன்னார். வெல்டிங் கடை சங்கரலிங்கம், டீக்குடித்துக்கொண்டிருந்தபோது, சங்கரலிங்கம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். ஐஸ் கம்பெனி மேஸ்திரி, நின்ற நிலையில். இஞ்சின் மெக்கானிக் அந்தோணிப்பிச்சை. கோயில் வாசலில் இரண்டு பேர், ஒரே நேரத்தில். இரும்புக்கடையில் ஒருவர், அவரிடம் சொல்லும்போது கூட ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னது. மாகாளியின் சொந்த மாமனார், பஸ்ஸில். ஏழு. ஒவ்வொருவருடைய சட்டையின் நிறம்கூட ஞாபகம் இருந்தது, என்ன சொன்னார், அவர்கள் எப்படித் தலையாட்டினார்கள், ஒரு வரிகூட அழியவில்லை.

"எம் மாமனார்ட்டயுமா" என்றான் மாகாளி. சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போட்டான். "நான் நிக்கதும் போறதும் அப்புறம் பேசுவோம் அண்ணாச்சி. மொதல்ல அத முடிங்க."

வெளியே வந்ததும் ஜெசிக்குப் போன் செய்தார். அப்பா தூங்குதாவ சித்தப்பா, ஞாயித்துக்கிழம வருவியளான்னு கேக்கத்தான் பண்ணினேன் என்றாள். வருவேன் என்றார். சங்கரலிங்கத்தின் வெல்டிங் கடை அதே தெருவில் ஆறாவது. முகமூடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு அவன் எழுந்து நின்றான், வாங்க அண்ணாச்சி என்றான். தவசிமுத்து நின்றுகொண்டே சொன்னார், மாகாளியைப் பற்றிச் சொன்னது தப்பு, அவன் ஒன்றும் செய்யவில்லை, தன் கையால் வந்த பிழை. நாலு வரியில் சொல்லி முடித்துவிட்டார். லேசாக இருந்தது. சங்கரலிங்கம் கேட்டுவிட்டுத் தெருவை ஒரு தரம் எட்டிப் பார்த்தான், பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அவன் மெரட்டினானா அண்ணாச்சி? ஆள் வச்சிச் சொல்லச் சொன்னானா? எங்கிட்டச் சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"இல்லப்பா."

"முப்பத்தாறு வருசமா லேத்துல நிக்கிய. நீங்க நம்பர மாத்திப் போட்டேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

அவன் நம்பப்போவதில்லை. அவன் முகத்தில் இருந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்த முகம், போன மாதம் முழுக்க அவர் போட்டுக்கொண்டிருந்த முகம். ஏழு பேரிடமிருந்தும் இதையேதான் கேட்க வேண்டியிருக்கும், எதற்கு அவனுக்காகப் பேசுகிறாய், எவ்வளவு தூரம் மிரட்டினான் என்று. நம்பவைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை இதுவரை ஜெசியிடம் சொன்னதில்லை, மனைவியிடம் சொன்னதில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை. தவசிமுத்து ஓரத்தில் கிடந்த இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு மறக்குது, சங்கரலிங்கம்" என்றார்.